துல்யமாய ஸ்தலம்

கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்த பிறகு மலையாளம் வாசிக்க நானாகவே படித்துக்கொண்டேன். கிழக்கேகோட்டையில் பஸ் போர்டுகளையும் சினிமா போஸ்டர்களையும் எழுத்துக்கூட்டிப் பழகியதுதான். பிறந்தது நாகர்கோவில் பக்கம் என்பதால் பாதி வார்த்தைகள் நம் வார்த்தைகள்போலவே இருக்கும். அந்தத் தைரியம்தான் என்னைக் கெடுத்தது.

மாமனார் வீட்டுத் தொழில் பழைய கடைக் கட்டிடங்களை வாங்கிப் புதுப்பிப்பது. தெருவைப் பார்த்த முகப்பை மட்டும் பழையபடி நிறுத்திவிட்டு, உள்ளே எல்லாவற்றையும் புதிதாகக் கட்டுவோம். மாமா முதலாளி, என் கணவர் இன்ஜினியர், ஆபீஸ் வேலை முழுக்க என் தலையில். எனக்குச் சம்பளம் கிடையாது, மருமகள் என்ற பதவி உண்டு.

ஆரியசாலையில் ஓர் ஓட்டுக் கட்டிடத்தை வாங்கினோம். அதன் மூலைக் கடையில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் கயிறும் சாக்கும் விற்றுக்கொண்டிருந்தார். எழுபதை நெருங்கும் வயது. மற்ற வாடகைக்காரர்கள் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள். இவர் மட்டும், கட்டி முடித்ததும் தனக்கு அதே மூலை வேண்டும் என்று நின்றார். சுமை இறக்குகிறவர்கள் தெருவில் நின்றபடியே கை நீட்டி வாங்கிப் போகும் வியாபாரம். சாக்கு வாங்கப் படியேறி யார் வருவார்கள்?

வக்கீல் ஒப்பந்தத்தை மலையாளத்தில் எழுதிக் கொடுத்தார். மலையாளம் பேசுவது கடைக்காரருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் வாசிக்கத் தெரியாது.

“நீயே வாசிச்சுச் சொல்லு மோளே. நம்ம பாஷையில கேட்டாத்தான் எனக்கு ஒறப்பு” என்றார்.

புதுக் கட்டிடத்தில் அவருக்கு ‘துல்யமாய ஸ்தலம்’ தரப்படும் என்று ஒரு வரி இருந்தது. துல்யம் என்றால் நம் துல்லியம்தானே என்று நினைத்தேன். துல்லியம் என்றால் அச்சு அசலாக, மயிரிழை பிசகாமல்.

“துல்லியமா இதே எடத்தைத் தரணும்னு போட்டிருக்கு, அண்ணாச்சி” என்றேன்.

மாமா பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். ஒன்றும் பேசவில்லை. கடைக்காரர் நிதானமாகத் தமிழில் கையெழுத்துப் போட்டுவிட்டு, எனக்கு ஒரு நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்தார்.

மலையாளத்தில் துல்யம் என்றால் சமம். அளவில் சமமாக எங்கேயாவது ஓர் இடம், அவ்வளவுதான். இது எனக்கு உறைத்தது கட்டிடம் பாதி எழும்பிய பிறகு. வரைபடம் மேஜைக்கு வந்தபோது, மூன்றாம் மாடியின் பின்பக்க அறையில் அவர் பெயர் இருந்தது. மூலையில் காப்பிக்கடை என்று போட்டிருந்தது.

கணவரிடம் கேட்டேன். “அளவு கரெக்டா இருக்கே. லிஃப்டும் உண்டல்லோ” என்றார். ஒரு முடி கயிறு வாங்க லிஃப்டில் ஏறும் சுமைக்காரரை அவர் எங்கே பார்த்தாரோ. பிறகு மாமாவிடம் போய், நான்தான் தப்பாக வாசித்துவிட்டேன், அந்த மூலையை அவருக்கே கொடுத்துவிடலாம் என்று கெஞ்சினேன். அழுதும்விட்டேன்.

மாமா சிரித்தார். “தப்பொண்ணும் இல்ல மக்ளே. நீ அப்படி வாசிக்கலன்னா அந்த ஆளு கடைய ஒழிச்சுக் குடுத்திருப்பாரா? கேஸு, ஸ்டேன்னு இழுத்திருப்பாரு. நான் பக்கத்துலதானே இருந்தேன். ஒனக்கு இவ்வளவு சாமர்த்தியம் உண்டுன்னு அண்ணைக்குத்தான் தெரிஞ்சுது.”

நிஜமாகவே எனக்கு அர்த்தம் தெரியாது என்றேன். “செரி, அப்படியே சொல்லிக்கோ” என்றார். அதற்குப் பிறகு வீட்டில் எனக்கு மரியாதை கூடிவிட்டது. ஒரு காகிதம் வந்தாலும் என்னிடம் காட்டாமல் மாமா நகர்வதில்லை.

கடைக்காரர் அப்போது தெரிந்தவர் ஒருவரின் கிட்டங்கியில் ஒரு ஓரமாகச் சரக்கை அடுக்கி வைத்திருந்தார். அங்கே போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. சாக்குக் கட்டின் மேல் என்னை உட்காரச் சொன்னார்.

“எனக்கு மனசிலாவும் மோளே. பெரியவங்க சொல்லித் தந்தத நீ வாசிச்ச. வாழ வந்த வீட்டுல ஒன்னால வேற என்ன செய்ய முடியும்?”

“யாரும் சொல்லித் தரல அண்ணாச்சி. எனக்கு அந்த வார்த்தை தெரியல.”

“ஆமா, ஆமா” என்றார் என்னைப் பாவமாகப் பார்த்து. மாமாவுக்கு நான் கெட்டிக்காரி. இவருக்கு நான் பயந்தாங்கொள்ளி. வெறும் அரைகுறை என்று நம்ப இரண்டு பேருமே தயாராக இல்லை.

கிளம்பும்போது மெதுவாகச் சொன்னார்: “வக்கீலு கேஸுக்குப் போவச் சொல்றாரு. வாசிச்சுக் காட்டுனது வேற மாதிரின்னு ஒன்னக் கூண்டுல ஏத்திக் கேட்டா ஜெயிக்கலாமாம். நான் வேண்டாம்னுட்டேன். ஒன்ன அங்க நிறுத்தி எனக்கொரு கடை வேண்டாம்.”

ஏறுகிறேன் அண்ணாச்சி, ஏறி நடந்ததைச் சொல்கிறேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து மாமாவுக்குச் சாப்பாடு எடுத்து வைத்தேன்.