பெருங்களத்தூர் கேட்டில் நின்ற வேன்

போன வாரம் மகளோடு கார் பார்க்கப் போயிருந்தேன். ஷோரூம் தம்பி பானெட்டைத் திறந்து, "டர்போ சார், மெதுவா போனாலும் நல்லா இழுக்கும்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொண்ணூறுகளில் நானும் என் கூட்டாளி ரஃபீக்கும் அந்த ஒரு விஷயத்துக்காகப் பட்ட பாடு அவனுக்கு எங்கே தெரியும்!

முடிச்சூர் ரோட்டில் எங்கள் ஒர்க்‌ஷாப். இருவருக்குமே வேகப் பைத்தியம். அங்கேதான் மெர்சி அக்கா தன் டீசல் வேனைக் கொண்டுவந்தார். மறைமலை நகர் ஃபேக்டரிக்குப் போகும் பெண்களை ஏற்றிப்போகும் வேன், ஓட்டுவதும் அக்காவேதான். ஆள் நிறைந்தால் மேட்டில் திணறுகிறது என்றார். பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் ஒரு டர்போ கிட் வாங்கி மாட்டினோம். வேனுக்கு இது பெரிசு என்று கடைக்காரர் சொன்னதை யார் கேட்டது? வண்டலூர் தாண்டியதும் வேன் பறந்தது. சந்தோஷத்தில் ஆளுக்கு ரெண்டு டீ குடித்தோம்.

மறுநாள் பெருங்களத்தூர் ரயில்வே கேட். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், கேட் திறந்ததும் இரண்டு பக்கமும் முண்டியடிப்பார்கள். தண்டவாள மேட்டில் ஊர்ந்துதான் ஏற முடியும். இஞ்சின் விடும் புகையில் சுற்றி, அந்த இஞ்சினுக்கே கூடுதல் காற்றை ஊதுவதுதான் டர்போ. பெரிய டர்போ சுற்ற நிறையப் புகை வேண்டும். ஊரும் வண்டியில் அவ்வளவு புகைக்கு எங்கே போவது? இஞ்சின் சரியாகத் தண்டவாளத்தின் மேல் நின்றுபோனது. பெண்கள் டிபன் பையோடு குதித்து, வேனைத் தள்ளிக் கரையேற்றினார்கள்.

சாயங்காலம் வந்த அக்கா சத்தம் போடவில்லை. "நான் ரேஸுக்கா கேட்டேன்? மெதுவா போறப்பதான்பா எனக்கு இழுக்கணும். உள்ள அவ்ளோ பொண்ணுங்க கீறாங்க."

ரஃபீக் நேரே வீட்டுக்குப் போனான். விபத்தில் நொறுங்கிய வெளிநாட்டுக் கார் ஒன்றிலிருந்து எடுத்த, கொஞ்சம் புகைக்கே சுற்றும் சின்ன டர்போவை, தன் ஜீப்புக்கென்று கட்டிலடியில் துணி சுற்றி வைத்திருந்தான். அதோடு வந்து நின்றான். ஜீப்பு என்னாவது என்று கேட்டேன்.

"அது எங்கயும் ஓடிப்போவாது மச்சான்."

மாட்டினோம். டீசலைக் கொஞ்சம் கூட்டினால் கரும்புகை, குறைத்தால் சோம்பல். சுமைக்கு மணல் மூட்டைகளும், கிட்டத்தட்ட அதே எடையில் நானும். கேட்டில் ஏறி இறங்கி ஏறி, கேட்கீப்பர் எங்களுக்கு உறவுக்காரர் மாதிரி ஆகிவிட்டார். கடைசியில் ஒரு காலை, ஆள் நிறைந்த வேன் நடக்கிற வேகத்தில், ஒரு குலுக்கல் இல்லாமல் தண்டவாளத்தைத் தாண்டியது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியே கையை மட்டும் ஆட்டினார். ரஃபீக் கிரீஸ் துணியால் கண்ணைத் துடைத்து, முகமெல்லாம் கரியாக்கிக்கொண்டான்.

நாங்கள் எதிர்பாராத ஒன்றும் நடந்தது. சின்ன டர்போ மெதுவாகப் போகும்போதே மெல்லிசாக விசிலடித்தது. அடுத்த தெருவில் அது கேட்டதுமே முடிச்சூர்ப் பெண்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

ரஃபீக் ஜீப்பை அப்படியே விற்றுவிட்டு ஷார்ஜா போய்விட்டான். கேட்டும் இல்லை, ஒர்க்‌ஷாப் இருந்த இடத்தில் ஃபிளாட். இப்போது வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றக் காலையில் கம்பெனி ஏசி பஸ் வருகிறது. வந்து நிற்பதே தெரிவதில்லை, ஃபோன்தான் சொல்கிறது.