வாயு நுழையாத துளைகள்

இங்கே கரியைக் கையுறை போட்டுக்கொண்டுதான் தொடுகிறார்கள். கை கறுத்துவிடும் என்பதற்காக அல்ல. கையின் பிசுக்கு கரியில் ஒட்டிவிடக் கூடாதாம். ஜேர்மனியில் இந்த ஆய்வுகூடத்துக்கு வந்து மூன்று வருடமாகியும், காலையில் கையுறையை மாட்டும்போது எனக்குக் கொஞ்சம் குழப்பமாகவே இருக்கிறது. இலங்கையில் பெரகலைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில், அடுப்புக்கரியைத் தொட்டால் கையைக் கழுவச் சொல்வார்கள். கரியைக் காப்பாற்றச் சொன்னவர் யாருமில்லை.

கரிக்குள் இருக்கும் துளைகளை அளப்பது என் வேலை. கண்ணுக்கு மட்டுமல்ல, சாதாரண நுணுக்குக்காட்டிக்கும் அகப்படாத துளைகள். கரியைக் கடுங்குளிரில் வைத்து நைட்ரஜன் வாயுவை உள்ளே விடுவோம். எவ்வளவு வாயு ஒட்டிக்கொள்கிறதோ அதை வைத்து உட்பரப்பைக் கணக்கிடுவோம். போன வருடம் தங்கை ரெஜினா இரண்டு பொட்டலம் கரி அனுப்பினாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அவள் விஞ்ஞான ஆசிரியை. கவ்வாத்துக்காகத் தேயிலைச் செடிகளைக் கத்தரித்தபோது விழுந்த கட்டைகளை மூடிய தகரத்தில் சுட்டுக் கரியாக்கி, ஒரு பீப்பாயில் மணலோடு அடுக்கி, பிள்ளைகளுக்குத் தண்ணீர் வடிகட்டி செய்திருந்தாள்.

"நல்ல கரியான்னு பார்த்துச் சொல்லுக்கா. நீ சொன்னாத்தான் பிள்ளைங்களப் பெத்தவங்க நம்புவாங்க" என்றாள் போனில்.

பொட்டலங்களை வாங்கிய கருவிப் பொறுப்பாளர் ஹைன்ட்ஸ், "வோஹேர் கொம்மன் ஸீ?" என்றார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்கிறார் என நினைத்து, பதுளை, தோட்டம், இந்தியாவிலிருந்து வந்த முன்னோர் என்று என் அரைகுறை ஜேர்மனில் நீளமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் பொட்டலங்களைக் காட்டினார். அந்த மொழியில் 'நீங்கள்', 'அவை' இரண்டும் காதுக்கு ஒரே ஒலி. அவர் கேட்டது கரியை.

வாயு அளவீட்டில் வந்த எண் மிகச் சிறியது. துளையே இல்லாத கரி, தண்ணீரின் அழுக்கைப் பிடிக்காது என்று முடிவு செய்து, அன்றைக்கே ரெஜினாவுக்குச் சொல்லிவிட்டேன். அவள் மறுநாள் பீப்பாயைக் கவிழ்த்துவிட்டாள். பிள்ளைகள் பழையபடி வீட்டிலிருந்து போத்தலில் தண்ணீர் சுமந்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து அதே கரியை எக்ஸ் கதிரில் வைத்தோம். கதிர் கரிக்குள் ஊடுருவும். வாயு நுழைய முடியாத இடத்தையும் காட்டும். திரையில் பார்த்தால் கரி முழுக்கத் துளைகள். பெரும்பாலானவற்றின் வாய் அடைத்தோ, வாயு நுழைய முடியாதபடி குறுகியோ கிடந்தது. நீராவியில் சூடேற்றினால் திறக்கும் என்றார் ஹைன்ட்ஸ். ஒரு கருவி இல்லை என்கிறது, இன்னொன்று நிறைய என்கிறது. இரண்டும் பொய் சொல்லவில்லை. அவசரப்பட்டது நான்தான்.

மறுநாள் விடிகாலையில், அங்கே பள்ளி இடைவேளை நேரத்தில், ரெஜினாவை அழைத்துச் சொன்னேன்.

"அப்ப அது நல்ல கரியா, கெட்ட கரியா?"

"தெரியலடி. ரெண்டு கருவியும் தண்ணியப் பத்திச் சொல்லல. வடிச்ச தண்ணியப் பதுளைக்குக் கொண்டுபோய் சோதிச்சிருக்கணும். அத நான் மொதல்லயே சொல்லியிருக்கணும்."

"பிள்ளைங்க கேட்டாங்கக்கா, ஏன் டீச்சர் கவுத்தீங்கன்னு. என்னவிடப் பெரிய டீச்சர், எங்கக்கா சொன்னாங்கன்னு சொன்னேன்." பிறகு மெதுவாக, "அடுத்த கவ்வாத்துக்குத் திரும்பச் சுடுறேன்" என்றாள்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவளுக்கு வகுப்பு மணி அடித்துவிட்டது.

மாலையில் ட்ராம் நிறுத்தத்தில் நிற்கையில் போனில் இரண்டு செய்திகள் வந்திருந்தன. ரெஜினா எழுதியிருந்தாள்: 'எப்பக்கா வீட்டுக்கு வருவ?' என்னோடு குடியிருக்கும் ஆன்யா சாவியை மறந்துவிட்டுக் கதவடியில் காத்திருந்தாள். அவளும் அதையே கேட்டிருந்தாள்: எப்போது வீட்டுக்கு வருவாய்? இருவருக்கும் 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று எழுதி அனுப்பிவிட்டு, வந்த ட்ராமில் ஏறி உட்கார்ந்தேன். மூன்று நிறுத்தம் தாண்டிய பிறகுதான் அது எதிர்த்திசையில் போவது தெரிந்தது. உடனே இறங்கத் தோன்றவில்லை.