பக்கத்து இருக்கைக்காரர்

அவர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். பாதி ஆயுளைப் பக்கத்து இருக்கையிலேயே, தனக்கென்று வைத்திருந்த தனி பிரேக்கின் மேல் காலை வைத்தபடி கழித்தவர். மச்சினனின் நச்சரிப்புத் தாங்காமல், கணினியில் பழைய கார்களை ஓட்டும் இணையப் பந்தயக் குழுவில் சேர்ந்தார்.

"சும்மா ஜாலிக்குத்தான் மச்சான்," என்றிருந்தான் அவன்.

சாப்பாட்டு மேசையில் பொருத்திய ஸ்டீயரிங்கைப் பிடித்துத் திரையைப் பார்த்தார். முன்னும் பின்னும் முகம் தெரியாதவர்களின் கார்கள். யாரை இடித்துத் தொலைப்போமோ? தான் தப்பு செய்தால் பிரேக் போடப் பக்கத்தில் ஆளில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பச்சை விளக்கு எரிந்தது. முதல் வளைவிலேயே காரின் பின்பக்கம் ஆடியது. வாய் வழக்கமான பாடத்தைத் தானாக ஒப்பித்தது.

"பதறாதீங்க. வேகத்தக் கொறைங்க. பிரேக்க மெதுவா மிதிங்க. நான் இருக்கேன்ல."

எல்லாக் கார்களும் உரசாமல் வளைவைக் கடந்தன. அப்புறம்தான் மைக் திறந்திருப்பதையும், தான் பேசியது குழு முழுக்கக் கேட்டிருப்பதையும் கவனித்தார். மானம் போயிற்று.

"மன்னிச்சுக்கங்க, தெரியாமப் பேசிட்டேன். அணைச்சிடறேன்."

ஹெட்போனில், கூடப் பந்தயம் ஓட்டும் யாரோ ஒருவரின் குரல் நடுங்கியது.

"வேணாம் சார். அடுத்த வளைவு வருது. சொல்லிக்கிட்டே இருங்க."