கழிவுநீர் லாரிக்கு அடித்த வண்ணம்

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் மாதிரி எடுப்பது அவள் வேலை. பதினான்கு வருடமாகத் தொட்டி தொட்டியாகக் குனிந்து புட்டியில் பிடித்து வருகிறாள். ஒரு நாளும் குமட்டியதில்லை. தம்பி கொடுத்த, காற்றால் வண்ணம் தூவும் ஏர்பிரஷ்ஷைத் திறந்தபோதுதான் குமட்டியது.

சின்ன பிளாஸ்டிக் விமானங்களுக்கு வண்ணம் அடிக்க வாங்கி, ஒரே மாதத்தில் சலித்துப்போய் அதை அக்கா தலையில் கட்டியிருந்தான். குப்பியில் பழைய பச்சை வண்ணம் சளிபோல உறைந்திருந்தது. உள்ளிருந்த ஊசியை இழுத்தால் தோல் தோலாக உரிந்து வந்தது.

"கழுவாமயா வெச்சிருந்தே?" என்று போனில் கேட்டாள்.

"கழுவுனா போயிரும்க்கா," என்றான். யார் கழுவுவது என்று சொல்லவில்லை.

பழைய பல் பிரஷ்ஷை வைத்து மூன்று மாலை தேய்த்தாள். முனை அடைத்திருக்கிறதென்று வாயில் வைத்து ஊதியது மடத்தனம்; வண்ணம் கரைக்கும் தின்னர் நாக்கில் பட்டு, இரண்டு நாள் எதைத் தின்றாலும் அதே நாற்றம். முகமூடி இல்லாமல் அடித்துப் பார்த்ததில், மூக்கைச் சிந்தினால் சாம்பல் நிறத்தில் வந்தது. அதைப் பார்த்த கணவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "வேலையிலேர்ந்து கொண்டுவர்ற வாடை பத்தாதா உனக்கு?"

அதன் பிறகுதான் முகமூடி வாங்கினாள். புகையை வெளியே தள்ள ஜன்னலில் ஒரு விசிறியும் மாட்டினாள். வண்ணம் கெட்டியாக இருந்தால் துப்பியது, நீர்த்தால் வழிந்தது. பால் பதத்துக்குக் கரைத்து, பிளாஸ்டிக் கரண்டிகளின் முதுகில் பழகினாள். இருபதாவது கரண்டியில் படலம் சீராக விழுந்தது. பிறகு, நிலையத்துக்குத் தினமும் வரும் கழிவுநீர் லாரியை உள்ளங்கை நீளத்தில் செய்து வண்ணம் அடித்தாள்.

சின்ன வண்டி, விமானம் செய்பவர்களின் மாடல் சங்கக் கண்காட்சிக்கு அதைக் கொண்டுபோனாள். நடுவர், "ரொம்ப சுத்தமா இருக்கும்மா. நிஜ வண்டி மாதிரி தெரியணும்னா அழுக்கு சேக்கணும்," என்றார். பக்கத்து மேசை வண்டிகளைப் பார்த்தாள். கூரையிலிருந்து சக்கரம்வரை பவுடர் பூசுவதுபோலப் பழுப்பை அப்பியிருந்தார்கள். அழுக்கின் பக்கமே போகாதவர்கள் அடித்த அழுக்கு. அவளுக்கு அருவருப்பாக வந்தது.

வீட்டுக்கு வந்து, தனக்குத் தெரிந்த அழுக்கை அடித்தாள். வால்வின் வாயிலிருந்து ஒழுகிக் காய்ந்த கோடு. குழாய் மாட்டும் இடத்தில் பச்சை கலந்த கறுப்பு. கதவு விளிம்பில் கைபட்ட பிசுக்கு. அதன்மேல் ஈரம் காயாததுபோல ஒரு பளபளப்பு.

அடுத்த கண்காட்சியில் நடுவர் வால்வைத் தொட்டுவிட்டு விரலைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார். "என்னம்மா இது, வயித்தப் பெரட்டுது."

"எல்லாம் நம்ம வீடுங்கள்லேர்ந்து போறதுதான் சார்," என்றாள்.

கண்ணாடிபோல மின்னிய ஒரு சிவப்புக் காருக்குப் பரிசு போயிற்று. அவள் லாரியைக் கொண்டுபோய் அலுவலக மேசையில் வைத்தாள். மறுநாளே அதிகாரி, "வர்றவங்க முகம் சுளிப்பாங்க, எடுத்துருங்க," என்றார். அவர் ஜன்னலுக்கு வெளியே நாற்பதடியில் நிஜத் தொட்டிகள் குமிழி விட்டுக்கொண்டிருந்தன. லாரியை எடுத்துக்கொண்டு அவள் வெளியே நடந்தாள்.

வாசலில் நிஜ லாரியின் ஓட்டுநர் அதைக் கையில் வாங்கி வால்வையே வெகுநேரம் பார்த்தார்.

"என் வண்டியில இத மாத்தணும்னு நாலு தடவ எழுதிக் குடுத்துட்டேன்," என்றார். பிறகு கேட்காமலே கொண்டுபோய்த் தன் வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டிவைத்தார். அவள் தடுக்கவில்லை.