நெடுக்கக் கீறிய பைகள்

நான் கண்ணால் கண்டதையும், நேரில் கேட்டதையும், கையில் எடுத்துப் பார்த்ததையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். பிறர் சொல்லி அறிந்ததை, பிறர் சொன்னதென்றே குறிப்பிடுகிறேன். சரிபார்க்காத ஒரு வாக்கியத்தை ஒருமுறை எழுதினேன். அதனால் ஒரு மனிதர் தம் பிழைப்பிடத்தை இழந்தார். இந்தக் கட்டுப்பாடு அதன் பின் வந்தது.

பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற பின், குன்னூரில் ஒரு குழுவில் சேர்ந்தேன். ஊரின் கழிவெல்லாம் சேரும் ஓடை மலைச்சரிவில் இறங்குவதற்கு முன், அதன் குறுக்கே இரும்புக் கம்பி வலை கட்டியிருந்தோம். ஞாயிறு தோறும் காலையில் வலையில் சிக்கிய நெகிழியை அள்ளி, பிரித்து, மூட்டை கட்டுவோம். இந்த நீர் பவானியில் கலந்து, காவிரியோடு சேர்ந்து கடலுக்குப் போகிறது. கடலில் பொறுக்குவதைவிட மலையில் தடுப்பது எளிது என்பது குழுவின் கொள்கை. கொள்கையில் எனக்கு இன்றும் குறை இல்லை. கடைத்தெருவில்தான் எங்களுக்கு மதிப்பில்லை. "குன்னூர்ல உக்காந்துக்கிட்டு திமிங்கலத்தக் காப்பாத்தறாங்க" என்று காய்கறிக் கடைக்காரர் ஒருவர், நான் கேட்கும்படியாகவே சொல்வார்.

குழுவின் தலைவர், தேயிலைத் தொழிற்சாலையொன்றில் மேலாளராக இருந்தவர். அவரை எனக்குப் பிடிக்காது. ஓடைக் கரையிலும் தொழிற்சாலையில் நிற்பது போலவே நிற்பார். குனிந்து ஒரு பாட்டிலை எடுத்து நான் பார்த்ததில்லை. என் எழுத்தைப் பயன்படுத்திக்கொள்ள மட்டும் நன்றாகத் தெரிந்தவர்.

சென்ற ஆண்டு மழை தொடங்கியதும், வலையில் கறுப்பு நெகிழிப் பைகள் வந்து குவிந்தன. ஒரு சாண் நீளம். மேலும் கீழும் திறந்தவை. தேயிலைக் குச்சியை வேர் பிடிக்க வைக்கும் நாற்றுப் பைகள் அவை என்பது இந்த மலையில் எல்லோரும் அறிந்தது. ஓடைக்கு மேலே, பத்து நிமிட நடையில், ஒரு நாற்றுப் பண்ணை இருந்தது. குத்தகை நிலத்தில் பச்சை வலைப் பந்தல் போட்டு, நடுவயதுக்காரர் ஒருவர் மனைவியோடு நடத்தி வந்தார். தலைவர் அதைக் கைகாட்டினார். அதிகாரிகளுக்கு ஒரு புகார் எழுதித் தரும்படி என்னிடம் குறிப்பும் கொடுத்தார்.

அந்தக் குறிப்பில், பண்ணை தன் பைகளை ஓடையில் தள்ளுவதாக ஐயுறுகிறோம் என்று இருந்தது. எனக்கு அது வலுவற்ற வாக்கியமாகப் பட்டது. "பண்ணை தன் கழிவுப் பைகளை ஓடையில் தள்ளுகிறது" என்று திருத்தினேன். திருத்திய பின் மகிழ்ந்தேன் என்பதையும் மறைப்பதற்கில்லை. பண்ணைக்கு நான் போகவில்லை. புகாரின் படியொன்றைத் தலைவர் நிலத்துக்காரரிடமும் கொடுத்தார். அதை எனக்குச் சொல்லவில்லை.

பைகள் வரத் தொடங்கிய மூன்றாம் ஞாயிறன்று பண்ணைக்காரர் ஓடைக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து விரித்து என் முன் நீட்டினார்.

"ஏனுங்க டீச்சர், இது நீங்க எழுதுனதுங்களா?"

ஆம் என்றேன்.

"எழுத்து ஜோராத்தானுங்க இருக்குது. பந்தல் வரைக்கும் வந்து ஒரு எட்டுப் பாத்துட்டு எழுதியிருக்கலாமுங்க."

பிறகு, நாங்கள் பிரித்துவைத்த குவியலிலிருந்து ஒரு பையை எடுத்தார். அது குழாயாக நிற்கவில்லை. வாழைப்பட்டை போல் விரிந்து தொங்கியது. மேலிருந்து கீழாக, நேர்க்கோட்டில் கீறப்பட்டிருந்தது.

"இத பாருங்க. நெடுக்க பிளேடு போட்டிருக்குது. தேயிலக் காட்டுல நடறப்பத்தான் பைய இப்படிக் கீறி, நாத்தக் குழியில வெப்பாங்க. நாத்துச் செத்துப் போச்சுன்னா நான் மண்ணக் கொட்டிப்போட்டு அதே பையில மறுக்கா ரொப்புவனுங்க. என்ற பந்தல்ல பிளேடுக்கு என்ன வேலைங்க?"

நான் குவியலில் உட்கார்ந்து ஒவ்வொரு பையாக எடுத்துப் பார்த்தேன். அன்று அங்கிருந்தவற்றில் கீறப்படாத பை ஒன்றும் இல்லை. மூன்று வாரம் இவற்றை என் கையாலேயே பிரித்து அடுக்கியிருக்கிறேன்.

தலைவர் தளரவில்லை. "வித்தது நீதானே? அப்புறம் யாரு பொறுப்பு?" என்றார்.

"செருப்பு வித்தவனா வந்து உங்க ஊட்டுச் சேத்தக் கழுவோணும், சார்?"

யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரித்தவர் பக்கம் திரும்பியதும் சிரிப்பு நின்றது. நிலத்துக்காரர் இடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டதாகவும், பந்தலில் இருப்பவை இன்னும் வேர் பிடிக்காத இளங்குச்சிகள், இப்போது அசைத்தால் பிழைக்காது என்றும் பண்ணைக்காரர் என்னிடம் சொன்னார். தலைவரிடம் சொல்லவில்லை.

அவர் போன பின் தலைவரிடம் ஒன்று கேட்டேன். ஓடைக்கு மேலுள்ள சரிவில் அவருக்கும் தேயிலைக் காடு உண்டு. அந்த மழைக்கு அதில் மறுநடவு செய்திருந்தார். அந்தப் பைகளை என்ன செய்தீர்கள் என்றேன். எரித்தாயிற்று என்றார். எங்கே என்றேன்.

"டீச்சர், நீங்க நம்ம பக்கமா, அவன் பக்கமா?"

அதுவே அவர் தந்த விடை. அதன் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. அதற்காக நான் வருந்தவுமில்லை.

அன்று மாலையே புகாரை மறுத்து ஒரு கடிதம் எழுதினேன். கீறிய பை ஒன்றையும் அதனுடன் இணைத்து, மறுநாள் அதிகாரிகளின் அலுவலகத்தில் நேரில் கொடுத்து, முத்திரை பெற்றேன். நிலத்துக்காரர் வீட்டுக்கும் போனேன். அவர் கடிதத்தைக் கையில் வாங்கவில்லை. "ஆபீஸ் வரைக்கும் போன சமாச்சாரமுங்க. எனக்கெதுக்கு வம்பு?" என்றார். என் முதல் வாக்கியமே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

பண்ணைக்குப் போனபோது பந்தலின் கால்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். தவறு என்னுடையது, மன்னிக்க வேண்டும் என்றேன். பண்ணைக்காரரின் மனைவி நாற்றுப் பைகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டே பேசினார். என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"மன்னிப்ப ஊத்துனா நாத்துத் தழையுமுங்களா?"

நான் ஒரு கூடையைத் தூக்கப் போனேன். அதைக் கீழே வைக்கச் சொன்னார். வைத்தேன். வண்டி புறப்படும்வரை பாதையோரம் நின்றிருந்தேன். என்னைப் போகச் சொல்லவுமில்லை, இருக்கச் சொல்லவுமில்லை.

குழுவிலிருந்து விலகினேன். ஆயினும் ஞாயிறுகளில் ஓடைக்குப் போகிறேன். தலைவர் வருவதற்கு முன் என் பங்கை அள்ளி மூட்டை கட்டிவிட்டுத் திரும்புகிறேன். பண்ணை இருந்த இடம் இப்போது வெறும் மண். இந்த மழையிலும் வலையில் கறுப்புப் பைகள் வந்தன. அவையும் நெடுக்கக் கீறியவையே.

எனக்குத் தெரியாதவை இவை. அந்தச் சரிவில் நான்கு பேர் மறுநடவு செய்திருந்தார்கள். பைகள் எவருடைய காட்டிலிருந்து வந்தன என்பது தெரியாது. தலைவர் தம் பைகளை எரித்தாரா என்பதும் தெரியாது. வலைக்குத் தப்பிய பைகளில் ஒன்றாவது கடலை அடைந்ததா என்பதை நான் பார்க்கவில்லை. என் மறுப்புக் கடிதத்தை எவரேனும் படித்தார்களா என்பதற்குச் சான்றில்லை. பண்ணைக்காரர் கோத்தகிரிப் பக்கம் போனதாகக் கடைத்தெருவில் சொன்னார்கள்; நான் இன்னும் உறுதிப்படுத்தவில்லை. அவர் கொண்டுபோன நாற்றுகளில் எத்தனை பிழைத்தன என்பதும் தெரியாது.