பத்தாவது பூனைப்புதினா

செடி விற்கிறவன் பிழைப்பு அப்படி: வாடினால் அவன் குற்றம், செழித்தால் வாங்கினவர் கைராசி. நர்சரியில் ஹோஸ் பிடித்து முதுகு நனைந்த தோழர்களே, உங்களுக்குத் தெரியாததா?

மேல் தட்டு

திருவனந்தபுரத்தில், பழவங்காடியிலிருந்து நடக்கிற தூரத்தில் எங்கள் நர்சரி. முதலாளி அண்ணாச்சி களியக்காவிளைப் பக்கத்துக்காரர். நான் விதை வாங்கி முளைக்க வைத்த செடி கேட்மின்ட். புதினாவுக்குச் சொந்தம், சாம்பல் படர்ந்த பச்சை இலை, ஊதாப் பூ. அதன் வாசம் என்றால் பூனைகளுக்கு உயிர். அதனால் ‘பூனைப்புதினா’ என்று அட்டையில் எழுதிவைத்தேன். வெயிலைத் தாங்கும், வறட்சியைத் தாங்கும். வேரில் ஈரம் தங்கினால் மட்டும் செத்துவிடும். அதைக் கொண்டுவந்து இந்த மழை ஊரில் வைக்கிறானே என்று எல்லோரும் சிரித்தார்கள்.

பாதி மண், பாதி மணலும் சல்லியுமாகக் கலந்து இருபது சட்டிகளில் நட்டேன். வாசலைப் பார்த்த மேல் தட்டில் இடம் கேட்டேன். உள்ளே வருகிறவர் கண் முதலில் விழுவது அங்கேதான். அண்ணாச்சி ஒரு இலையைக் கசக்கி மோந்து பார்த்தார்.

“லேய் மக்கா, ஓணத்துக்கு இதுல பத்து உசுரோட நின்னா தட்டு உனக்கு. இல்லேன்னா ஆந்தூரியப் பூச்செடிக்கு. பொறவு மூஞ்சியத் தூக்கப்பிடாது, கேட்டியா?”

விரதம்

முதல் செடியை வாங்கியவர் கோயில் கோட்டைக்குள் இருக்கிற அக்ரஹாரத்து மாமி. பத்தே நாளில் சட்டியோடு திரும்பி வந்தார். தண்டு கறுத்து, வேர் கூழாகியிருந்தது. காலையில் அரிசி களைந்த தண்ணீர், சாயங்காலம் பருப்பு களைந்த தண்ணீர், அன்பாகத்தான் கொன்றிருக்கிறார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், என் கணக்கில் ஒன்று குறையும் என்று தெரிந்தும், இன்னொரு சட்டியை எடுத்துக் கொடுத்தேன். விரலை மண்ணுக்குள் இரண்டு கணு விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள், பூத்து முடிந்ததும் பாதியாக வெட்டிவிடுங்கள் என்றேன்.

மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். “தண்ணி வேண்டாம்னு சொல்ற செடியை இப்பத்தான்டாப்பா பாக்கறேன். என்ன, விரதமா?”

பின் வீட்டு விருந்தாளி

பின் வீட்டு சார் மலையாளி, ரிட்டயர்டு ஆபீஸர். ஒரு வெள்ளைப் பூனை வளர்க்கிறார். அது மதில் தாண்டி வந்து என் சட்டிகளில் புரண்டு எழுந்ததில் மூன்று செடிகள் வேரோடு போயின. சட்டிகளில் ஈர்க்குச்சிகளை நெருக்கமாகக் குத்திவைத்தேன். செடி இடுக்கில் வளரும், பூனைக்குப் படுக்க இடமிருக்காது. எனக்கே என் மூளையைப் பற்றிக் கொஞ்சம் பெருமைதான். மூன்றாம் நாள் சார் மதிலுக்கு மேல் தலையை நீட்டினார்.

“மோனே, செடி ரட்சப்பட்டு, சரி. ரெண்டு நாளா என்றெ பூச்சை சோறு தின்னல. அதுக்கு ஆரு சமாதானம் பறயும்?”

பாவம்

மழை தொடங்கியதும் சட்டிகளைக் கூரைக்குக் கீழே செங்கல் மேல் தூக்கிவைத்தேன், அடியில் தண்ணீர் நிற்காமலும் காற்று ஓடுகிற மாதிரியும். ஒரு கல்யாணத்துக்காக நாலு நாள் திருநெல்வேலி போனேன். திரும்பி வந்தால் அத்தனை சட்டியும் நடு முற்றத்தில், கொட்டுகிற மழையில். வெளியே எடுத்து வைத்தது என்னோடு வேலை பார்க்கிற சுரேஷ். அவன் மலைப்பக்கம் விதுராக்காரன், அவன் ஊரில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது மேகத்தின் வேலை.

நான் சத்தம் போடுகிற ஆள் இல்லை. அழுகியதை எடுத்துப் போட்டு, மிச்சத்தின் வேரைக் கழுவிப் புது மணலில் நட்டேன். எண்ணினேன். ஒன்பது. சுரேஷ் பக்கத்தில் நின்று கையைப் பிசைந்தான்.

“எல்லாச் செடியும் சந்தோஷமா நனையுது, இது மட்டும் உள்ள நிக்குது. கண்டப்போ பாவம் தோணிப்போச்சு, அதான்.”

எண்ணிக்கை

ஓணத்துக்கு நாலு நாள் முன்னால் அண்ணாச்சி வந்து நின்றார். ஒன்பதும் புதர் கட்டி, ஊதாவாகப் பூத்திருந்தன. ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா சொல்லு சொல்லுதான்” என்று ஆந்தூரியச் சட்டிகளைத் தூக்கி மேல் தட்டில் வைக்கத் தொடங்கினார்.

அப்போது மாமி உள்ளே வந்தார், இடுப்பில் சட்டியோடு. வெட்டுவது எந்தக் கணுவில் என்று கேட்க வந்தாராம். சட்டி தெரியாத அளவுக்குப் பூ வழிந்துகொண்டிருந்தது. மழைக்காலம் முழுக்க ஜன்னல் உள்பக்கம் வைத்து, தினமும் விரல் விட்டுப் பார்த்து வளர்த்திருக்கிறார். “இது பய கலக்குன மண்ணுதானே?” என்று கேட்ட அண்ணாச்சி, சட்டியை வாங்கி ஒன்பதுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு ஆந்தூரியத்தைக் கீழே இறக்கினார். பத்துச் சட்டிக் கணக்கை நான் சொன்ன பிறகுதான் மாமிக்கு விஷயம் புரிந்தது. புரிந்ததும் சட்டியைத் திரும்ப இடுப்பில் எடுத்துக்கொண்டார்.

“எண்ணிக்கோங்கோ, வேண்டாங்கல. வச்சுக்காதேள். இது எங்காத்துக் கொழந்தை!”

இப்போது மேல் தட்டில் என் ஒன்பது சட்டிகளும் பத்தாவதற்கு நான் விட்டுவைத்த ஒரு காலி இடமும் இருக்கின்றன. அந்தக் காலி இடத்துக்கு மட்டும்தான் இன்னும் யாரும் பாவம் பார்த்துத் தண்ணீர் ஊற்றவில்லை.