இஸ்மாயில் பாயைச் சுற்றி ஒரு முழம்

ஃபெரியில் இருந்து இறங்கிய கூட்டம் பட்டர்வொர்த் ஸ்டேஷனுக்கு ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால், பின்னால் ஜார்ஜ்டவுன் தீப்பிடித்து எரிகிறதோ என்று தோன்றும். என் முழங்காலுக்கு அந்த ஓட்டம் சரிப்படாது. மெதுவாக நடந்து, முதல் ரயிலை விட்டுவிட்டு, அடுத்ததற்காக ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து, அதிலும் நசுங்கிப் புக்கிட் மெர்தாஜாம் போய்ச் சேருவது என் தலையெழுத்து.

அந்த நெரிசலிலும் ஓர் ஆளைச் சுற்றி மட்டும் ஒரு முழம் இடம் காலியாக இருக்கும். அவர் இஸ்மாயில் பாய். ஜார்ஜ்டவுனில் ஒரு நாசி கண்டார் கடையில் விடியற்காலையில் இருந்து நின்றபடியே சோற்றுக்குக் குழம்பு ஊற்றுகிறவர். கடையிலேயே குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டுதான் கிளம்புவார். என்ன செய்து என்ன? மசாலா வாடை தலைமுடியிலும் நகக்கண்ணிலும் குடியேறிவிட்டது. பக்கத்தில் நிற்கிறவர்கள் மாஸ்க்கை ஏற்றிக்கொள்வார்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மத்தியானம் வரிசையில் நின்று அதே குழம்பை வாங்கித் தின்றவர்கள்தான்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் காலி இடத்தில் நான் போய்ச் சௌகரியமாக நின்றுகொள்வேன் என்பது வேறு விஷயம்.

நன்றாக ஓடக்கூடிய மனுஷன், ஏன் என்னோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“மக ஃபாத்திஹா ஜார்ஜ்டவுன் பீச் ஸ்ட்ரீட்ல ஒரு ஆபீஸ்ல வேலைக்குச் சேந்திருக்குண்ணே. முதல் ரயில்லதான் வீட்டுக்குப் போவுது. ஒரு வாரம் ஒண்ணாப் போனோம். அப்புறம், ‘அத்தா, நான் லேடிஸ் கோச்ல ஏறிக்கிறேன், நீங்க வேற கோச்ல வாங்க’ன்னுச்சு.” உள்ளங்கையை முகர்ந்து பார்த்துச் சிரித்தார். “ஆபீஸ் கூட்டாளிங்க கூட வருவாங்க. நான் எதுக்குலா குறுக்க?”

வீட்டில், கடையில் வேலை கூடிவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறார். ரயிலில் நின்றபடி கண்ணயரவும் அவருக்குப் பயம். நான் மெர்தாஜாமில் இறங்கிவிடுவேன். அவர் தாசெக் குளுகோர் வரை போக வேண்டும். ஒருமுறை தூங்கிப்போய், அதையும் தாண்டிச் சுங்கை பட்டாணியில் முழித்தாராம்.

போன வாரம் ஒருநாள் முதல் ரயில் வரவே இல்லை. அந்தக் கூட்டமும் எங்கள் கூட்டமும் ஒரே ரயிலில் ஏறின. லேடிஸ் கோச் நிரம்பி, பெண்களும் எங்கள் பெட்டிக்குள் தள்ளப்பட்டார்கள். பாய் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஏன் என்று பார்த்தேன். கழுத்தில் ஆபீஸ் அட்டையோடு, இரண்டு தோழிகள் நடுவில் ஒரு பெண். பாயின் முகத்தை அப்படியே உரித்து வைத்திருந்தாள்.

பாய்க்கு அருகில் நின்ற ஒருவன் வழக்கம்போல மூக்கைப் பொத்தினான். அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

“அத்தா!”

பெட்டியே திரும்பியது. இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தாள். “கடையில வேலைன்னீங்க? தினம் இந்த ரயிலுக்கா உக்காந்திருக்கீங்க?”

“தள்ளி நில்லும்மா, வாடை ஒட்டிக்கும். கூட்டாளிங்க பாக்குறாங்க.”

“பாக்கட்டும்லா.” அவள் குரல் உடைந்தது. “ஆளுங்க உங்களப் பாத்து மூக்கப் பொத்துறத என்னால பாத்துக்கிட்டு நிக்க முடியலத்தா. அதான் வேற கோச்சுக்குப் போனேன். உங்க கூட வரப் புடிக்காம இல்ல.”

பாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான், இதில் மறைக்க என்ன இருக்கிறது? மூக்கைப் பொத்தியவன் இன்னும் கொஞ்சம் விலகிப் போனான். போகட்டும். நானும் அன்று விலகி, கூட்டத்துக்குள் நசுங்கி நின்றேன். அந்த ஒரு முழ இடத்தில் அப்பாவும் மகளும் நின்றார்கள்.

மெர்தாஜாமில் இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். இஸ்மாயில் பாய் கம்பியைப் பிடித்தபடியே மகள் தோளில் தலை சாய்த்துத் தூங்கிப்போயிருந்தார். ஃபாத்திஹா அசையாமல் நின்று, கதவுக்கு மேலே ஓடுகிற ஸ்டேஷன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.